ஆவி சார் திறக்காத கதவு

தாம்பரம் முதல் பல்லாவரம் வரை ஒரு கதவைத் திறக்காமலே பேர் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் ஆவி சார்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருமுடிவாக்கம் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். தேயிலைக் கழிவிலிருந்து கஃபீன் எடுத்துத் தலைவலி மாத்திரை செய்பவர்களுக்கு விற்போம். அதை ஆவியாக்கிச் சுத்தம் செய்யும் கெமிஸ்ட் என்பதால் அவர் ஆவி சார். சட்டைப்பையில் எப்போதும் தெர்மாமீட்டர். சாப்பாட்டு டப்பா ரசத்தில் அதை விட்டு, "அறுபத்தெட்டு, சாப்பிடலாம்" என்பார். பக்கத்து லேத் பட்டறைக்காரர் இந்தப் பேரைக் கேட்டு எலுமிச்சம்பழத்தோடு வந்து, மச்சினிக்குப் பேய் ஓட்டணும் என்று நின்றார். ஆவி சார் பொறுமையாகக் கேட்டார்: "காய்ச்சல் எத்தனை டிகிரி?"

சரக்கு பழுப்பாக இருக்கிறதென்று மாத்திரைக் கம்பெனி இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. மூன்றாவதும் திரும்பினால் கம்பெனியை மூடுவதைத் தவிர வழியில்லை. அதைப் பார்க்க ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு அவர்களுடைய ஆய்வாளர் வருவதாக ஏற்பாடு.

அன்று காலையில் ஆவி சார் பழுப்புப் பொடியைத் தட்டில் பரப்பி, இரும்பு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திச் சூடேற்றினார். பதினொரு மணிக்குக் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்த முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"தட்டு காலியா இருக்கே. சரக்கு எங்கய்யா?"

"மேல போயிருக்கு சார். இது உருகறதுக்கு முன்னாடியே கிளம்பிடும். நூத்தி எழுபத்தெட்டு டிகிரியில நேரா ஆவியாயிடும். கற்பூரம் மாதிரி."

"கற்பூரம் போனா திரும்பி வராதேய்யா."

"இது வரும் சார். மேல்தகடு குளிர்ச்சியா இருந்தா அதுல வந்து ஒட்டிக்கும்."

அந்த மேல்தகட்டைக் குளிர வைப்பது பம்பு தண்ணீர். பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. அடுப்பு அணைந்தாலும் உள்ளே சூடு அடங்கவில்லை. தகடு சுட ஆரம்பித்தால் ஆவி ஒட்டாது. புகைக்குழாய் வழியாக வெளியே போய்விடும்.

ஆவி சார் கத்தவில்லை. "சாக்கு எடுத்துட்டு வாங்க. எல்லாத்தையும் நனைங்க" என்றார். ஃபிட்டர் எல்லப்பன் அறையின் மேல் ஏறி நின்றான். நான் புடவையைச் செருகிக்கொண்டு வாளி தூக்கினேன். முதலாளியும் தூக்கினார். ஈரச்சாக்கு விழுந்த இடத்தில் சுர்ரென்று ஆவி கிளம்பியது.

"சார், கால் சுடுது. இன்னும் எவ்ளோ நேரம் இப்டியே ஊத்திகினு இருக்கறது?"

"தகடு ஆறுற வரைக்கும். ஊத்து எல்லப்பா."

இரண்டு மணிக்கே ஆய்வாளர் வந்து நின்றார். முதலாளி சரக்கைக் காட்ட நேராகப் போய்க் கதவின் கைப்பிடியில் கை வைத்தார். ஆவி சார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப திறந்தா பாதி உங்க மூக்குல போகும் சார். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். மீதி தாம்பரம் பூரா போகும்."

"நான் சொல்றேன், எந்திரிங்க."

"வேலைய விட்டுத் தூக்குங்க. அதையும் இங்க உக்காந்தே கேட்டுக்கறேன்."

முதலாளி கைப்பிடியை விட்டார். ஆய்வாளர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆவி சார் அசையவில்லை.

பிறகு எழுந்து அவரே திறந்தார். மேல்தகடு முழுக்க இலவம்பஞ்சு போல வெள்ளை ஊசிகள் தொங்கின. ஆய்வாளர் ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடிக் குழலில் அடைத்துச் சூடாக்கிப் பார்த்தார். இருநூற்று முப்பத்தாறில்தான் உருகியது; சுத்தமான கஃபீனுக்கு அதுதான் கணக்கு. தலையசைத்துக் கையெழுத்துப் போட்டார். முதலாளி அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆவி சார் கை கழுவத் திரும்பியபோதுதான் பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கழுத்துக்குக் கீழே கொப்புளம். அந்தக் கதவும் அவ்வளவு நேரம் சுட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

மறுநாள் லீவு எடுக்கச் சொன்னார் முதலாளி. ஆவி சார் கேட்கவில்லை; எட்டரைக்கே வந்துவிட்டார். அந்த வாரம் முழுக்க நான் எட்டே காலுக்கு வந்து, அவர் நாற்காலியில் ஒரு தலையணை வைத்தேன். அவர் அதில் மெல்ல முதுகைச் சாய்த்துக்கொண்டார்.