கொட்டாவி வாங்கிய கழுதை

டுலூத்தில் ஏரிக்காற்றும் முழங்கால் வலியுமாகச் சௌக்கியமாக இருக்கும் மதிப்புக்குரிய ஆர்டிஸ் மதினி அவர்களுக்கு, உங்கள் தங்கை லவோனின் புருஷன் ஹார்லன் ப்ரெக்கே வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

போன வியாழக்கிழமை மாட்டுச் சந்தையில் கொட்டாவி விட்டேன். அதனால் ஒரு கழுதையை வாங்கிவிட்டேன்.

எழுத்து ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி அளவு இருக்கிறதே என்று சிரிக்காதீர்கள். இது விழுந்துபோன வலது கையால் எழுதுவது. பேனாவுக்குப் பஞ்சுக்குழாய் மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தினம் கொஞ்சம் எழுதவேண்டும் என்பது வீட்டுப்பாடம். யாருக்கு எழுதுவது என்று யோசித்தேன். கடன்காரர்களுக்கு எழுதினால் பதில் போடுவார்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

லவோன் உங்களிடம் எவ்வளவு சொன்னாளோ தெரியாது. அறுவடைக் காலத்தில் எனக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் படுத்துக்கொண்டது. கால் எழுந்துவிட்டது, கை எழவில்லை. நகரத்து மறுவாழ்வு மருத்துவமனையில் ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, சேருகிறீர்களா என்று கேட்டார்கள். நல்ல கைக்கு அடுப்பங்கரை உறைபோலத் தடியாக ஒன்றை மாட்டிக் கட்டிவிடுவார்கள். வேறு வழியில்லாமல் கெட்ட கை வேலைக்கு வரவேண்டும். இந்த முறை பழசுதானாம். மருத்துவமனையில் பலிப்பது வீட்டில், குடும்பத்துக்கு நடுவில் பலிக்குமா என்பதுதான் இப்போது பார்க்கிறார்கள். கேட்டதும் எனக்குப் பிடித்துவிட்டது. சோம்பேறி வேலைக்காரனை நானும் அப்படித்தான் வழிக்குக் கொண்டுவருவேன்.

நம் வீட்டுக்கு வந்த தெரபிஸ்ட் பெயர் மாய் ஷியோங். அம்மாவோடு சனிக்கிழமைச் சந்தையில் வெள்ளரிக்காய் விற்று வளர்ந்த பெண். அதை நான் முதலிலேயே விசாரித்திருக்கவேண்டும். ஒரு ஒப்பந்தத்தை நீட்டினாள். விழித்திருக்கும் நேரமெல்லாம் உறை, குளிக்கவும் படி இறங்கவும் மட்டும் விலக்கு. ஒப்பந்தம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு ரத்தம் சூடேறும் என்பது உங்களுக்குத் தெரியும்.

"வியாழக்கிழமை சந்தைக்கு உறை கிடையாது. அதுக்குச் சம்மதம்னா பேசு," என்றேன்.

"வியாழக்கிழமையைக் கொடுத்தா எனக்கு என்ன கொடுப்பீங்க, மிஸ்டர் ப்ரெக்கே?"

அந்த நேரம் பார்த்து லவோன் என் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கேட்காமலேயே காப்பியில் சர்க்கரை கலக்கியிருந்தாள், இறைச்சியை நறுக்கித் தட்டில் வைத்திருந்தாள். மாய் அவளையே பார்த்தாள்.

"அவங்க பக்கத்துல இருக்கிறவரை உங்க கைக்கு என்ன வேலை? ஆராய்ச்சி முடியறவரை அவங்க எங்கேயாவது போய் இருக்கட்டும். வியாழக்கிழமை உங்களுக்கு."

"சரி," என்றேன்.

மூச்சுக்கூட விடவில்லை, மதினி. மாட்டுக்கு விலை பேசும்போதுகூட நான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். லவோன் கடைசிப் பித்தானைப் போடாமல் கையை எடுத்தாள்.

"ஒரு வியாழக்கிழமைக்கு என்னை வித்துட்டியே, ஹார்லன்," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். முட்டை பொரிக்கப் போனேன், வலது கை முட்டையைப் பிடித்தது, உடைத்தது, பிறகு விடவில்லை. நாய் வந்து விரல் விரலாக நக்கிக் காலி செய்தது. இந்தக் கைக்கு அதுதான் வியாதி, பிடிக்க வந்துவிட்டது, விடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் போதகர் கை கொடுத்தார். நாற்பது வருஷமாகக் கைகுலுக்கியே வியாபாரம் செய்தவன், சும்மா இருப்பேனா, பெருமையாக வலது கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டது. பின்னால் வரிசை நீள்கிறது, காப்பி ஆறுகிறது, போதகர் குனிந்து, "மனசுல ஏதாவது பாரமா ஹார்லன்? உள்ளே போய்ப் பேசலாமா?" என்கிறார். பாரமெல்லாம் இல்லை, விரலைப் பிரித்துவிடுங்கள் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அவரோடு உள்ளே போய் உட்கார்ந்து, இல்லாத பாவங்களை எல்லாம் யோசித்துச் சொல்லி, கடைசியில் எல்ட்ரிட்ஜுக்கு நான் விற்ற கிடாரியைப் பற்றிய உண்மையையும் சொல்லிவிட்டேன். அப்போதுதான் விரல் தளர்ந்தது.

இனி கழுதைக்கு வருகிறேன். பக்கத்துப் பண்ணைக்காரர் வண்டியில்தான் சந்தைக்குப் போனேன்; வண்டி ஓட்ட எனக்கு இன்னும் அனுமதி இல்லை. கடைசி ஏலம், தூக்கமாக வந்தது, வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டேன். மதினி, சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் கெஞ்சினாலும் மிரட்டினாலும் இடுப்புக்கு மேல் எழாத அந்த வலது கை, தானாக, கொடி ஏறுகிற மாதிரி தோள்வரை எழுந்தது. ஏலக்காரன் ட்வெய்னுக்கு இத்தனை வருஷமாக என் வலது கை எழுந்தால் நான் ஏலம் கேட்டதாக அடையாளம்.

"ஹார்லன் கை எழுந்திருச்சு! ஐயா, பாருங்க, ஹார்லன் கை எழுந்திருச்சு!" என்று ஒலிபெருக்கியில் கத்தினான். கொட்டகை முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. என்னை ஒரு கிடாரியில் ஏமாற்றிய லெராய்கூடக் கண்ணைத் துடைத்தான். அந்தக் கூட்டத்தில் எழுந்து, இது வெறும் கொட்டாவி, ஐயா என்று எப்படிச் சொல்வேன்? கும்பிடாத குறையாகத் தலையாட்டினேன். கிழட்டுக் கழுதை. ஒரு காது பாதிதான் இருக்கிறது. ஆளைப் பார்த்தால் கடிக்கிறது.

மாய்க்கு விஷயம் தெரிந்ததும் அனுதாபம் சொல்வாள் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இன்னொரு தடவை கொட்டாவி விடுங்க, மிஸ்டர் ப்ரெக்கே."

"கேட்டா வருமா அது?"

"நான் விடறேன், பாருங்க." அவள் விட்டாள், நான் விட்டேன், கை எழுந்தது, நாயும் கொட்டாவி விட்டது. மூளையில் மேல்மாடி இடிந்தாலும் கீழ்மாடியிலிருந்து கைக்குப் பழைய பாதை ஒன்று இருக்கிறதாம். கொட்டாவி அதில் போகிறதாம். "உங்க கை போகலை. உங்க பேச்சைத்தான் கேக்கலை," என்றாள். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் என்றேன்.

மதினி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சாயங்காலங்களில் நிறுத்திவைத்த என் பிக்கப் வண்டியில் போய் உட்காருகிறேன். எங்கும் போகவில்லை, சாவியும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இடது கையால் வண்டி ஓட்டி, வலது கையை நீள இருக்கையில் லவோன் பக்கம் வைத்திருப்பேன், அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பிடித்திருப்பாள். ஒரு நாளும் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. இப்போது அந்தக் கையை அந்தப் பக்கம் அனுப்பிப் பார்க்கிறேன். முதலில் என் தொடையைத் தாண்டவில்லை. இப்போது இருக்கையின் கிழிசல்வரை போகிறது. அதற்குமேல் போக அங்கே காரணம் ஒன்றும் இல்லை என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. கொட்டாவி விட்டும் பார்த்தேன்; மேலே போகிறது, பக்கத்தில் போகவில்லை.

அதனால் ஒரு உதவி. ஒப்பந்தத்தை மீறி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் நீங்கள் துரத்தி அவளாக வந்துவிட்டால் அது என் மீறல் ஆகாது. இரண்டு நாள் சண்டை போடுங்கள், உங்களுக்கு அது சிரமமில்லை. அவள் ஜன்னலைத் திறந்து வைப்பதைச் சொல்லுங்கள், பாத்திரம் கழுவும்போது பாடுவதைச் சொல்லுங்கள். நான் கேட்டதாக மட்டும் சொல்லவேண்டாம். கழுதைக்குப் பெண்துணை தேவைப்படுகிறது என்று வேண்டுமானால் சொல்லுங்கள். பிக்கப் விஷயத்தை மூச்சுவிடக் கூடாது.

உங்கள் முழங்காலுக்கு ஆண்டவன் நல்ல வெயிலைக் கொடுக்கட்டும். பூனையைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள் அன்புள்ள,
ஹார்லன்

பின்குறிப்பு: சண்டை போடவேண்டாம். கடித உறையில் பசை தடவும்போது லவோனே போன் செய்துவிட்டாள். என்ன செய்கிறாய் என்றாள், உன் அக்காவுக்குக் கடிதம் என்றேன், படி என்றாள். எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரியாமல் பிக்கப் வரைக்கும் படித்துவிட்டேன். போனை வைத்துவிட்டாள். பிறகு மாயைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு மறுபடி கூப்பிட்டாள். உங்கள் குடும்பத்தில் இப்படிப் பேரம் பேசுவார்கள் என்று தெரிந்திருந்தால் மாடுகளை அவளையே விற்கச் சொல்லியிருப்பேன். முடிவான நிபந்தனைகள்: சனிக்கிழமை வருகிறாள். பித்தான் போடமாட்டாள், இறைச்சி நறுக்கமாட்டாள். கை பரபரத்தால் என் விறகு வெட்டும் கையுறைகளை அவளும் இரண்டு கையிலும் மாட்டிக்கொள்வாள். வியாழக்கிழமையை நான் திருப்பிக் கொடுக்கவேண்டும். கழுதை இருக்கலாம். பிக்கப்பில் அவள் தன் ஜன்னலோரமே உட்காருவாள், பாதி தூரம்கூட நகர்ந்து வரமாட்டாள், கைதான் முழுதும் போகவேண்டும். போய்ப் பிடித்துவிட்டால், விரலைப் பிரித்துவிட அவள் உதவமாட்டாள். அதுவாக விடுகிறவரை இருவரும் வண்டியிலேயே இருப்பது. தொப்பியைக் கழற்றாமல் ஒப்புக்கொண்டேன்.