மூன்று கிலோ சீவிய சக்கரம்

லோத்குண்டா,
திங்கள் இரவு.

சிரஞ்சீவி முரளிக்கு அத்திம்பேர் சுந்தரேசனின் ஆசீர்வாதம். உன் அக்கா பட்டுவும் நானும் சௌக்கியம், பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

"அத்திம்பேர், ஃப்ளைவீல் எதுக்கு இத்தனை கனம்? கொஞ்சம் சீவிடட்டுமா?" என்று போன தீபாவளிக்கு நீ கேட்டபோது, முப்பது வருஷம் பௌதிகம் சொல்லிக்கொடுத்த நான் யோசித்திருக்க வேண்டும். கரண்ட் போன பிறகும் கிரைண்டர் கல் இரண்டு சுற்று சுற்றும். மிக்ஸி உடனே நின்றுவிடும். கனம் அப்படி; எஞ்சினை அணையவிடாமல் சுழலவைக்கும் ஃப்ளைவீல் சக்கரமும் அப்படித்தான். இருந்தும் சரி என்றேன். நீயும் என் பழைய பீட்டில் காரின் எட்டு கிலோ சக்கரத்தைக் கோயம்புத்தூரில் உன் பட்டறைக்குக் கொண்டுபோய் ஐந்தாகக் கடைந்து, கிராங்க் ஷாஃப்டோடு சேர்த்து பாலன்ஸ் பார்த்து, பட்டறையை மூடிவிட்டு வந்து மாட்டிக்கொடுத்தாய். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான். ஓட ஆரம்பித்துவிட்டால் வண்டி சிட்டாய்ப் பறக்கிறது. கிளம்புவதில்தான் சங்கடம்.

நேற்று ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு கிருஹப்பிரவேசம். "வழியில ஒரு தடவை நின்னாலும் வண்டியை வித்துடணும்" என்று பட்டு சொல்லிவிட்டாள். முப்பத்தெட்டு வருஷ வண்டியாயிற்றே என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டு கிளட்சை விட்டேன், தெருமுனையில் நின்றது, அப்புறம் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் நமஸ்காரம் பண்ணி நின்றது, ஏழாவது தடவை பேட்டரியும் கைவிரித்தது, பட்டு காஞ்சிபுரம் புடவையோடு இறங்கித் தள்ள, ஆட்டோக்காரர் ஒருவரும் கைகொடுக்க, எஞ்சின் பிடித்துக்கொண்டது, நிறுத்தினால் அணைந்துவிடுமே என்று பக்கத்து மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். முதல் சுற்றில் அவள், "ஏன்னா, நிறுத்துங்கோ!" என்றாள். இரண்டாம் சுற்றில் நான், "ஓடிவந்து ஏறிக்கோ!" என்றேன். மூன்றாம் சுற்றில் ஆட்டோக்காரர், "நக்கோ அம்மா, நக்கோ!" என்று இந்த ஊர் உருதுவில் வேண்டாமெனத் தடுத்துத் தன் வண்டியைக் காட்டினார். நாலாம் சுற்றில் அவளும் இல்லை, ஆட்டோவும் இல்லை.

ஆகையால், உன் உழைப்புக்குக் கோடி நன்றி; கனமான சக்கரம் ஒன்று தேடி உடனே பார்சலில் அனுப்பு. இல்லாவிட்டால் வண்டி கைவிட்டுப் போய்விடும். உன் மனைவி ரோகிணிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள்.

அன்புள்ள,
சுந்தரேசன்

பி.கு. (செவ்வாய்): சக்கரம் அனுப்பவேண்டாம். இன்று காலை பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றியதும், "விக்கறதுக்கு முன்னாடி நானே பாக்கறேன்" என்று உன் அக்கா சாவியை வாங்கிக்கொண்டாள். இருபது வருஷம் ஆபீசுக்கு மாருதி ஓட்டிப்போனவள். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துக் கிளட்சை மெதுவாக விட்டாள். அல்வால் வரை போய்த் திரும்பினாள், ஓரிடத்திலும் நிற்கவில்லை. "வண்டில ஒண்ணும் இல்லே, ஓட்டறவர் கால்லதான் கோளாறு" என்கிறாள். பேச ஆரம்பித்துவிட்டாள், அதற்கும் உனக்கே நன்றி. வண்டி விற்பனைக்கு இல்லை. எனக்குப் பக்கத்து சீட். நீயும் ஒரு நாள் சாவியை ரோகிணியிடம் கொடுத்துப் பார்.