புனிதரின் அங்கியிலிருந்து ஒரு நூல்

தீக்குச்சி அணைவதற்குள் புனிதர் காணாமல் போய்விட்டார்.

தையல்காரர் பதறிப்போய் விரல் நுனியைப் பார்த்தார். அரை விரல் நீளமிருந்த பழுப்பு நூல் உருகி, கடுகளவு கறுப்பு மணியாகச் சுருண்டிருந்தது. பருத்தியென்றால் சாம்பலாகியிருக்கும். கம்பளியென்றால் முடி கருகிய நாற்றம் வந்திருக்கும். இது பாலியெஸ்டர். இருநூறு வருடங்களுக்கு முன் இறந்த துறவி பாலியெஸ்டர் அங்கி உடுத்தியிருக்க வழியே இல்லை.

எந்தத் துணியைக் கண்டாலும் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்காமல் கத்தரியை எடுக்கமாட்டார். முப்பது வருடப் பழக்கம், புனிதர் என்றும் பார்க்கவில்லை.

"ஏங்க, என்ன கருகுது?" என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, பித்தான் நூலு!"

இணையத்தில் வாரக்கணக்காகத் தேடி அவள் வாங்கிய திருப்பண்டம் அது, புனிதரின் அங்கியிலிருந்து எடுத்த நூலாம். கண்ணாடி மூடிபோட்ட சின்ன வெள்ளிக் கூடு, சிவப்பு அரக்கு முத்திரை வைத்த சான்றிதழ். "திருப்பண்டத்த விக்கிறது பாவமாம். அதனால நூலு இலவசம், டப்பாவுக்கு மட்டும்தான் காசுன்னு போட்டிருக்கான். எவ்வளவு நேர்மை பாருங்க!" என்று பூரித்திருந்தாள்.

முட்டி வலிக்காக வாங்கியதாகச் சொன்னாள். அவர் துருவிக் கேட்கவில்லை. பத்து நாளில் அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன். "எனக்கு டாக்டர் போதும், சாமியெல்லாம் இழுக்காத" என்று அவர் வெட்டிச் சொன்னதிலிருந்து அவரிடம் அவள் ஜெபம் என்ற பேச்சையே எடுப்பதில்லை. அந்தப் பாவத்துக்கு இப்போது இது வேறு.

அவசரமாகத் தன் பெட்டியிலிருந்து பழுப்புப் பருத்தி நூல் ஒன்றை வெட்டிக் கூட்டுக்குள் வைத்தார்.

மறுநாளே மனைவி மாடிப்படியில் தடதடவென்று ஏறி இறங்கினாள். "பாத்தீங்களா? வலி போன இடம் தெரியல!"

அவர் கூட்டை எடுத்துப் பார்த்தார். தன் நூல்கண்டு குணமாக்குமென்றால் ஊரில் அத்தனை பேரும் அவர் தைத்த சட்டையைத்தானே போட்டிருக்கிறார்கள்! நம்பிக் கும்பிடுகிறவளை இப்படி ஏமாற்றுவதா? கூட்டைக் கௌரவமாக வீட்டைவிட்டு அனுப்பிவிடலாம் என்று முடிவுசெய்தார்.

"இத நம்ம கோயிலுக்கே குடுத்துடலாம். வீட்ல வெச்சுக்கற பொருளா இது?"

"கோயிலுக்கா?" மனைவி திடுக்கிட்டாள். "அய்யோ, அதெல்லாம் வேணாங்க!"

அதற்குள் அவர் பங்குச் சாமியாருக்கு ஃபோன் போட்டுவிட்டார். சாமியாருக்குச் சந்தோஷம். "சான்றிதழையும் கொண்டாங்க. ஒத்துப் பாத்துக்கறேன்."

அதைப் படிக்க மச்சினியைக் கூப்பிட்டார். அவள் அலைபேசியை அந்நிய எழுத்தின்மேல் பிடித்து வாசித்தாள். "பழுப்பு நிறம். சுத்தமான கம்பளி."

கம்பளி! கடையில் இருந்தது ஒரே ஒரு பழுப்புக் கம்பளி. முழங்கை கிழிந்து தைக்க வந்திருந்த ஸ்வெட்டர். சாமியாருடையது. கண்ணை மூடிக்கொண்டு ஓர் இழை உருவினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் கூட்டை உயர்த்திக் காட்டி, கண் கலங்க முதல் முத்தம் கொடுத்தார். ஜனங்கள் வரிசையில் வந்தார்கள். தொட்டில் குழந்தையைத் தூக்கிவந்து கூட்டில் நெற்றியை ஒற்றினாள் ஒரு தாய். இருபது வருடம் மனைவியோடு பேசாத தபால்காரர், தயங்கி, அவளுக்கு வழிவிட்டார். தையல்காரர் தலை தாழ்ந்தது. எல்லாரும் எழுந்துபோக, அவர் மனைவி மட்டும் அசையாமல் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் சாமியாரைத் தனியே பிடித்தார். "சாமி, நீங்க முத்தம் குடுத்தது உங்க ஸ்வெட்டருக்கு." தீக்குச்சியில் தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினார்.

சாமியார் கூட்டை மூக்கருகே கொண்டுபோனார். "அதான், வாசனை எங்கயோ பழகின மாதிரி இருந்துச்சு" என்றார். பிறகு, "அந்தக் கூட்ட இனிமே வெளிய எடுக்கமாட்டேன். ஜனங்களுக்கு நானே சொல்லிக்கறேன். நீங்க வீட்டம்மாகிட்ட மறைக்காம சொல்லிடுங்க. உங்களுக்காகத்தான் அவங்க தினமும் இங்க வந்து அழறாங்க."

வீட்டுக்கு ஓடினார். மனைவி இன்னும் வந்திருக்கவில்லை. வாசலில் நின்ற மச்சினியிடமே உடைந்துவிட்டார். "உங்கக்காவ ஏமாத்திட்டேம்மா. வந்த நூலு போலி. அத எரிச்சதும் நான்தான்."

மச்சினி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அத்தான், நீங்க எரிச்சது உங்க பெட்டி நூலு. நெருப்பு வெச்சுப் பாப்பீங்கன்னு தெரிஞ்சு அக்காதான் மாத்தி வெச்சா. அவளுக்கு முட்டி வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வந்த நூல, தினம் நீங்க குளிக்கப் போனதும் நேத்துச் சட்டையிலேருந்து பிரிச்சு, அன்னிக்கி நீங்க போடற சட்டைக் காலருக்குள்ள தெச்சு வெக்கிறா."