துரைக்கு ஒத்துக்கொள்ளாத மாத்திரை

கட்டிலிலிருந்து இறக்கிய கால் ஈரத்தில் பதிந்ததும் மெத்தைக்காரருக்கு மிச்சத் தூக்கமும் போய்விட்டது. குனிந்து பார்த்தார். கால்மிதி முழுக்க நனைந்திருந்தது. அதைத் தாண்டி ஒரு சின்னக் குளம். குளத்தின் அக்கரையில் துரை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீயாடா?"

துரை சுவரைப் பார்த்தான்.

துரை நாய்தான். ஆனால் அதை அவன் முன்னால் சொல்ல வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது. மகள் வெளியூர் வேலைக்குப் போனபோது, "கொஞ்ச நாள் பாத்துக்கோங்கப்பா" என்று விட்டுப் போனவன். "எனக்கும் நாய்க்கும் ஆகாது" என்று அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட மெத்தைக்காரர், இன்றைக்குத் தான் வேலை பார்க்கிற மெத்தைக் கடையிலிருந்து வந்ததும் மனைவியிடம் கேட்கிற முதல் கேள்வி, "துரை சாப்பிட்டானா?" என்பது. மனைவி சாப்பிட்டாளா என்பது அப்புறம்தான், அதுவும் ஞாபகம் இருந்தால்.

துரை மானஸ்தன். கொட்டுகிற மழையிலும் வாசலுக்குப் போய்த்தான் காலைத் தூக்குவான். அப்பேர்ப்பட்டவன் வீட்டுக்குள்ளே குளம் வெட்டியிருக்கிறான் என்றால்?

"எல்லாம் அந்த மாத்திரை பண்ற வேலை," என்றார் மெத்தைக்காரர், துடைப்பானைத் தேடிக்கொண்டே.

துரைக்குக் காதில் அரிப்பு. நாய் டாக்டரம்மா பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். "கொஞ்சம் தாகம் எடுக்கும். வழக்கத்தைவிட ரெண்டு தடவை கூட வெளியே போவான். பயப்படாதீங்க," என்று சொல்லியும் இருந்தார். மாத்திரையைக் கொடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ரொட்டிக்குள் வைத்தால் ரொட்டி உள்ளே போனது, மாத்திரை வெளியே வந்தது. இறைச்சிக்குள் வைத்தாலும் அதே கதை.

அவனைக் குற்றம் சொல்ல மெத்தைக்காரருக்கு வாய் வரவில்லை. மாத்திரை விஷயத்தில் இருவரும் ஒரே கட்சி. அதே வாரம்தான் மனுஷ டாக்டர் இவருக்கும் பிரஷர் இருப்பதாகச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். "மாத்திரைன்னு ஒண்ணு என் தொண்டையில இறங்காது. எங்கப்பா காலத்துல யாரு மாத்திரை சாப்பிட்டா?" என்று சொல்லிச் சீட்டை மனைவியிடம் நீட்டி, "இதைக் கசக்கிக் குப்பையில போடு," என்றார்.

பெரிய சண்டை வரும் என்று தோளைத் தட்டிக்கொண்டு நின்றார். வரவில்லை. அவள் சீட்டை அமைதியாக வாங்கிக்கொண்டு, "சரி, வேண்டாம். உப்பைக் குறைச்சிடலாம். காலையில ஓட்ஸ் கஞ்சி குடிங்க," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவளோடு போட்ட வாதங்களில் அவர் ஜெயித்தது அது ஒன்றுதான். அந்த வெற்றியைக் கடையில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டார்.

துரையின் மாத்திரைக்கும் அவளிடம்தான் வழி கேட்டார்.

"முழுசாக் கொடுத்தா துப்பத்தான் செய்வாங்க," என்றாள் அவள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நல்லாப் பொடிச்சு, கஞ்சி மாதிரி எதுலயாவது கலந்து கொடுத்துப் பாருங்க. சாப்பிடறவங்களுக்குத் தெரியவே தெரியாது."

பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த அவருடைய மாமியாருக்கு ஏனோ புரையேறியது.

அருமையான யோசனை. கஞ்சிக்கு எங்கே போவது? அதுதான் தினமும் காலையில் அவர் முன்னால் ஒரு கிண்ணம் வந்து உட்காருகிறதே! உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். இவரும் முதல் நாள் ஒரு வாய் வைத்துவிட்டு அதைத்தான் நினைத்தார். ஆனால் அவள் விடியற்காலையில் எழுந்து தன் கையால் கிளறி வைக்கிறாள். நன்றாயில்லை என்று சொன்னால் மனசு கஷ்டப்படும். ஆகவே, "காத்தாடக் குடிக்கிறேன்," என்று கிண்ணத்தோடு பால்கனிக்குப் போனார். துரையின் மாத்திரையை ஸ்பூனின் முதுகால் பொடித்துக் கலந்தார். துரை நக்கின நக்கில் கிண்ணத்தைக் கழுவ வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

"குடிச்சிட்டீங்களா?" என்றாள் அவள், காலிக் கிண்ணத்தைப் பார்த்து.

"ஒரு சொட்டு விடல."

அவள் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து அவருக்கே மனம் நிறைந்துவிட்டது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்துக்கொண்டு, கடைக்குப் போகிற வழியில் வெண்ணெய் தடவின ரொட்டியாக வாங்கித் தின்றார்.

அப்புறம்தான் இந்தக் குளம்.

டாக்டரம்மாவுக்கு போன் போட்டார். "வெறும் வயித்துல போயிருக்கும் சார். வயிறு நிறையச் சாப்பிடவெச்சு, மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுங்க," என்றார் அவர்.

அதுவரை மரியாதைக்காகக் கிண்ணத்தில் நாலு ஸ்பூன் தானும் குடித்துக்கொண்டிருந்தார். அந்த மரியாதையையும் விட்டார். கிண்ணம் முழுக்கத் துரைக்கு, மாத்திரை மட்டும் பாதி.

நிலைமை மோசமாயிற்று. கால்மிதியை நனைத்து, கம்பளத்தை நனைத்து, கடைசியில் துரை மாமியாரின் புதுச் செருப்பையே நனைத்துவிட்டான்.

"மாப்பிள்ளை, இது என்ன நாயா, குழாயா?" என்றார் மாமியார், செருப்பை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"வாயில்லா ஜீவன் அத்தை. மருந்து ஒத்துக்கலை."

"அதுக்கு வாயில்லையா? வாளித் தண்ணியை ஒரே மூச்சுல குடிக்குது!"

பகல் முழுவதும் மாமியாரையும் துரையையும் தனியாக விட்டால் இருவரில் ஒருவர்தான் மிஞ்சுவார் என்று பட்டது. மறுநாள் துரையைக் கடைக்கே கூட்டிக்கொண்டு போனார்.

மெத்தைக் கடையில் துரை மதியம் வரை கல்லாவுக்குக் கீழே கண்ணியமாகப் படுத்திருந்தான். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. அவர்களுக்கு ஒரு நல்ல மெத்தையைக் காட்டி, அதன் மேல் போட்ட உறையின் பெருமையை மெத்தைக்காரர் விளக்கிக்கொண்டிருந்தபோது, துரை எழுந்து வந்து, நேராக அந்த மெத்தை மேலேயே ஏறிக் காலைத் தூக்கிவிட்டான்.

மறு நொடி உள்ளே இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான்.

"பாத்தீங்களா!" என்றார், மேடையில் வித்தை காட்டுகிறவர் மாதிரி. "உறை மேல அப்படியே நிக்குது பாருங்க. துடைச்சா போச்சு. ஒரு சொட்டு உள்ளே இறங்காது. நாளைக்குக் குழந்தை பொறந்தா உங்களுக்குத்தான் அருமை தெரியும்!"

பெண் வெட்கப்பட்டாள். பையன் உறையைத் தடவிப் பார்த்து அசந்துபோனான். "இதையே எடுத்துக்கறோம் சார். இது இல்ல, இதே மாதிரி வேற."

தன் அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த முதலாளி கைதட்டாத குறை. அப்போது அந்தப் பெண், "அதோ, அந்த மெத்தையிலயும் காட்டறானே, அதுக்கும் உறை போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

போடவில்லை. கடையிலேயே உசத்தியான மெத்தை அது.

முதலாளி எழுந்து வந்தார். ரொம்ப நேரம் அந்த மெத்தையைப் பார்த்தார். பிறகு, "நாளையிலேருந்து நீங்க மட்டும் வந்தாப் போதும்," என்றார்.

இப்படி ஒரு பக்கம் துடைப்பானும் மறுபக்கம் முதலாளியுமாக இருந்தவரை, மறுபரிசோதனை என்று மனைவி மனுஷ டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பார்த்தார். நம்பாமல் திரும்பவும் அடித்தார்.

"இறங்கவே இல்லையே. கொஞ்சம் ஏறித்தான் இருக்கு," என்றார்.

மனைவி இடிந்துபோனாள். "எப்படி டாக்டர்? வேளை தவறாம..." என்று ஆரம்பித்தவள் கணவரைப் பார்த்து, "...வேளை தவறாம கஞ்சி குடிக்கிறாரே!" என்று முடித்தாள்.

"அதெல்லாம் நாய்க் கவலை டாக்டர். மாத்திரை கீத்திரை எழுதினீங்கன்னா கிழிச்சுப் போட்டுடுவேன்," என்றார் இவர்.

"உங்களை யாரு மாத்திரை சாப்பிடச் சொன்னா? வெளியே போய் உக்காருங்க, வரேன்," என்றாள் அவள். உள்ளே டாக்டரோடு கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசிவிட்டு வந்து, "இனிமே ராத்திரியும் கஞ்சிதான்," என்று தீர்ப்புச் சொன்னாள்.

மெத்தைக்காரர் எதிர்த்துப் பேசவில்லை. துரை இருக்கக் கவலை என்ன?

வீட்டுக்கு வந்ததும் ஒரு முடிவு எடுத்தார். அந்த நாய் டாக்டர் மாத்திரை பாதியும் வேண்டாம், காலும் வேண்டாம், அடியோடு நிறுத்திவிடலாம். பாவம், வயிற்றுக்கு இதமாக வெறும் கஞ்சி மட்டும் குடிக்கட்டும், உடம்பு தானாகத் தேறும். காலையில் ஒரு கிண்ணம், ராத்திரி ஒரு கிண்ணம். துரை முன்போலப் பாய்ந்து வந்து நக்கவில்லை. ஆனாலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "குடிடா கண்ணா, உனக்கு நல்லதுக்குத்தான்," என்று தலையைத் தடவிக் கொடுத்தால், அவருக்காகக் குடித்தான்.

மூன்றாம் நாள் மாடிப்படியில் இறங்கும்போது துரைக்குக் கால் மடங்கியது. இரண்டு படி சறுக்கி, திருப்பத்தில் போய்ச் சாய்ந்தான். கூப்பிட்டதற்கு வாலை ஒரு தடவை அசைத்தான். பிறகு அதையும் நிறுத்திவிட்டான்.

மெத்தைக்காரர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவுகள் எல்லாம் திறந்தன. துரையைக் குழந்தையைப் போல வாரி எடுத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் காரை நோக்கி ஓடினார். மனைவி சாவியோடு பின்னால் ஓடினாள்.

"நானும் வரேன்," என்று மாமியார் காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "அவன் தலையை யாரு பிடிச்சுக்கறது? கொண்டாங்க இங்கே." துரையின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். புதுப் புடவை. அதை அவர் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

வழி முழுக்க மெத்தைக்காரர் அழுதுகொண்டே வந்தார். "என் கையாலதானே கொடுத்தேன்? பொடிச்சுப் பொடிச்சுக் கொடுத்தேனே! அவன் வேண்டாம் வேண்டாம்னு துப்பினானே, ஏமாத்திக் கலந்து கொடுத்தேனே பாவி!"

"நல்லதுக்குன்னு நினைச்சுத்தானேங்க கலந்து கொடுத்தீங்க," என்றாள் மனைவி, வண்டியை ஓட்டிக்கொண்டே. "பிரியம் இருக்கறவங்கதான் அப்படியெல்லாம் செய்வாங்க. அதுல ஒண்ணும் பாவமில்ல."

டாக்டரம்மா துரையை மேசையில் படுக்கவைத்துக் காலில் ஊசி குத்தி சலைன் ஏற்றினார். ரத்தம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மூவரும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். மெத்தைக்காரர் துரையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார். விட்டால் போய்விடுவானோ என்ற பயம். சலைன் பாதி இறங்குவதற்குள் துரை கண்ணைத் திறந்து அவர் விரலை நக்கினான். அவர் விம்மிவிட்டார்.

டாக்டரம்மா ஒரு காகிதத்தோடு வந்தார். "பயப்பட ஒண்ணுமில்ல, பிழைச்சுட்டான். ரெண்டு நாள்ல ஓடுவான். ஆனா எனக்கு ஒண்ணு புரியல. உடம்புல இருக்கற தண்ணியெல்லாம் வடிஞ்சு, உப்புக் குறைஞ்சு, பிரஷர் அடியோட இறங்கியிருக்கு. நான் கொடுத்த மாத்திரை இந்த வேலையைச் செய்யாது சார். வேற என்ன கொடுத்தீங்க?"

"சத்தியமா வேற எதுவும் இல்ல டாக்டர்! உங்க மாத்திரையைக்கூட நிறுத்திட்டேன். மூணு நாளா என் கஞ்சியை மட்டும்தான் கொடுக்கறேன்."

மனைவி மெதுவாகத் திரும்பினாள். "எந்தக் கஞ்சி?"

மாட்டிக்கொண்டார். துரையின் பாதத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நீ எனக்குக் காலையிலயும் ராத்திரியும் கொடுப்பியே, அதான். உப்பில்லாம எனக்கு இறங்கலம்மா. நீ கஷ்டப்பட்டுக் கிளறி வெக்கறே, வேண்டாம்னா உன் மனசு சங்கடப்படும். அதான் முதல்லேருந்தே துரைக்கு..."

அவள் பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். டாக்டரம்மா அவளையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாமியார்தான் மோவாயில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"அடியே, மாப்பிள்ளைக்குப் பிரஷர் எறங்கலையேன்னு நாம ராத்திரிக் கஞ்சியிலயும் மாத்திரையைப் பொடிச்சுப் போட்டோமே, பாரு, தொரைக்கு எப்படி எறங்கியிருக்கு!"