நாலாம் சடங்கும் நான் கட்டிய தொட்டியும்

அரைகுறையாகப் படித்தவன் வீட்டில் இருந்தால், கல்யாணத்தை வேறு ஊரில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். எங்கள் வீட்டில் அந்தப் புத்திசாலித்தனம் இருக்கவில்லை. நான் இருந்தேன்.

அறுபதுகளின் கடைசி. கொழும்பில் ஓவசியர் படிப்பு படித்துக்கொண்டிருந்தவன், அக்காவின் கல்யாணத்துக்காகச் சாவகச்சேரிக்கு வந்திருந்தேன். அரிசியும் கிடாரமும் கழுவும் தண்ணீரை எங்கே விடுவது என்று பேச்சு வந்தது.

"சின்னக் கான் வெட்டித் தண்ணியை வாழைக்கு விடடா," என்றார் ஐயா.

வாழைக்கா! (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று ஒரு பாடமே இருப்பது அவருக்கு எங்கே தெரியும்?) மேசனைப் பிடித்துப் பின்வளவில் சீமெந்துத் தொட்டி ஒன்று கட்டினேன். ஒரு பக்கத்தால் அழுக்குத் தண்ணீர் மெதுவாக வரும். அசையாமல் நிற்கும்போது சோறும் பருப்பும் கசடும் பாரத்தால் அடியில் படியும். மறுபக்க விளிம்பால் தெளிந்த தண்ணீர் மட்டும் வழிந்து போகும்.

கல்யாணத்தன்று தண்ணீர் தெளிவாகத்தான் வழிந்தது. தொட்டியடியில் கதிரை போட்டு இருந்து, வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்கம் கொடுத்தேன். வாளியோடு கிட்ட வந்தவர்களை, "கலக்கிப் போடாதேங்கோ!" என்று விரட்டினேன்.

படிந்த கசடை அவ்வப்போது அள்ளி அகற்ற வேண்டுமாம். இல்லாவிட்டால் அது அழுகி, வாயு பிடித்து, மேலே மிதந்து வருமாம். அந்தப் பாடம் நடந்த அன்று நான் படம் பார்க்கப் போயிருந்தேன்.

நாலாம் சடங்கு வந்தது. மரக்கறிக் கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டில் மீனும் நண்டுமாகச் சாப்பிடும் நாள். அவர்கள் கை நனைக்காமல் போனால் அக்கா அதை ஆயுள் முழுக்கக் கேட்க வேண்டியிருக்கும். பின்வளவுப் பந்தலில் இலை போட்டு, பரிமாறியும் ஆகிவிட்டது.

"உதென்ன தம்பி, பொங்குது?" என்றார் அத்தானின் தாயார்.

திரும்பினேன். நாலு நாள் கசடு கறுத்த தோசை மாதிரி மேலே எழும்பி, வெடித்து, தன் மணத்தைப் பந்தி முழுவதற்கும் பாரபட்சமில்லாமல் பரிமாறியது.

"அது... விஞ்ஞானம், மாமி."

மாமி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பினார். பந்தியே எழும்பியது. அக்கா அழத் தொடங்கினாள். அந்தத் தொட்டிக்குள்ளேயே நானும் படிந்துவிடலாம் போலிருந்தது.

புது அத்தான்தான் தன் இலையைத் தூக்கிக்கொண்டு வேலிப் படலையைத் திறந்து தெருப்பக்கம் போய், பட்டு வேட்டியோடு ஒழுங்கை மணலில் சம்மணம் போட்டு இருந்தார்.

"அம்மா, நண்டு ஆறுது. வாங்கோ."

"என்ரை பிள்ளை தெருவிலை இருந்து சாப்பிட, நான் வீட்டை போறதோ?" என்று மாமியும் போய்ப் பக்கத்தில் இருந்தார். பின்னால் மற்றவர்களும் போனார்கள். வேலிக்கு மேலால் ஊரே எட்டிப் பார்க்க, அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொதி ஊற்றினாள்.

பிறகு நான் படித்து முடித்து, அரசாங்கத்துக்குப் பல தொட்டிகள் கட்டினேன். (அவற்றில் ஒன்றும் பொங்கவில்லை, அதை ஒருவரும் கதைப்பதில்லை.) எனக்குப் பெண் பேசியபோது பெண்ணின் தகப்பனார் வைத்தது ஒரே நிபந்தனை:

"மாப்பிள்ளை எங்கடை வளவுக்குள்ளை கிடங்கு, குழி ஒண்டும் வெட்டப்படாது."

ஒத்துக்கொண்டேன். இன்றைக்கும் தென்னம்பிள்ளை நடுவதென்றால் மனைவி ஆள் பிடித்துத்தான் குழி வெட்டுவிப்பாள். அந்த நேரம் பார்த்து என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவாள்.