ஜெரோமிக்கு நான் வாங்காத சப்பாத்து

ஜெரோமிக்கு நான் சப்பாத்து வாங்கிக் குடுக்க மாட்டேன். இதை ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம், என் சொந்த வீட்டுல, என் சொந்த வாயால, சத்தமா சொன்னேன். கல்யாணமாகி பதினேழு வருஷத்துல என் வீட்டுல நான் சத்தமா சொன்ன ரெண்டாவது விஷயம் இது. மொதலாவது, "பாம்பு".

ஜெரோமி என் பொண்டாட்டி பெற்றீசியாவோட தம்பி. நல்ல பையன். அவனுக்கும் எனக்கும் சட்டை, கால்சட்டை, சப்பாத்து எல்லாம் ஒரே அளவு. அதுதான் அவன்கிட்ட இருக்கிற ஒரே கெட்ட குணம். போன நத்தார் பண்டிகைக்கு என் ஜாக்கெட் அவன் மேல ஏறி ஹட்டனுக்குப் போச்சு. இன்னும் எறங்கல. அப்புறம் பெல்ட் போச்சு. குடை மட்டும் திரும்பி வந்துச்சு. மட்டும்னா, பிடி மட்டும்.

இப்ப வட்டகொடையில சொந்தத்துல ஒரு கல்யாணம். ஜெரோமிதான் மாப்பிள்ளைத் தோழன். கோட்டு சூட்டு மாப்பிள்ளை வீட்டுல குடுக்கிறாங்க. சப்பாத்து அவன் பொறுப்பு. அவன் பொறுப்புன்னா யார் பொறுப்புன்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்.

"பாவங்க, செருப்போடயா பீடத்துக்கிட்ட போயி நிப்பான்?"

"யேசுவே செருப்புதான் போட்டிருந்தாரு."

"அவரு மாப்பிள்ளைத் தோழனா போகல."

"கானாவூர்க் கல்யாணத்துக்குப் போனாரே?"

"விருந்தாளியா போனாரு. அங்கயும் தண்ணியைத் திராட்சரசமாக்குற வேலை வாங்கிட்டாங்க."

"பெற்றீசியா, ஒரு சதம் தர மாட்டேன்."

"சரிங்க."

அவ்வளவுதான். சரிங்க. நான் கையில வச்சிருந்த மிச்ச ஏழு காரணமும் வீணாப் போச்சு.

"அப்ப நீங்களாவது ஒண்ணு வாங்கிக்கங்க. ஒங்க பழசு வாயைத் தொறந்து மழைத்தண்ணி குடிக்குது. நாளைக்கு நோர்வூட்டுல அழகன் கடை போடுறாராம். மலிவாம்."

அழகன் சம்பளச் சனிக்கிழமை மட்டும் வருவாரு. ரோட்டோரமா தறப்பாளை விரிச்சு சப்பாத்தைக் குவிப்பாரு. வெளியில ஒத்தைச் சப்பாத்துதான் கெடக்கும். சோடி உள்ள பையில இருக்கும். ஒத்தைச் சப்பாத்தை எவனும் திருட மாட்டான்னு அவரோட கணக்கு.

பெற்றீசியா காலையிலயே மரக்கறி வாங்க நோர்வூட்டுக்குப் போயிட்டு வந்துட்டா. நான் வேலை முடிஞ்சு போனேன். போனதும் அழகன் ஒரு கறுப்புச் சப்பாத்தை எடுத்து நீட்டினாரு. முகம் பாத்து தலை சீவலாம். அப்படி ஒரு மினுக்கு.

"எவ்வளவு?"

"ஆறாயிரம் ஐயா."

எனக்கு ஒரு கொள்கை இருக்கு. எவன் என்ன சொன்னாலும் பாதி.

"மூவாயிரம்."

"அடக்கமே அதுக்கு மேலங்க ஐயா."

"மூவாயிரம்."

"புள்ள குட்டிக்காரன் நான்."

"மூவாயிரம்."

"என்னமோ, ஒங்க மொகத்துக்காக."

என் முகத்துக்காக ஒருத்தர் வெலை கொறைச்சது அன்னைக்குத்தான். இடது காலைப் போட்டுப் பாத்தேன். அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருந்துச்சு. வலது காலை நான் பூட்ஸ்ல இருந்து வெளிய எடுக்கல. அந்த சொக்ஸ்ல பெருவெரல் எட்டிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

"மத்தக் காலு?"

"ஒரு காலுக்குப் பொருந்தினா மறு காலுக்கும் பொருந்தும் ஐயா. ரெண்டும் ஒங்க காலுதானே."

நியாயமான பேச்சு. பையை முடிச்சுப் போட்டுக் குடுத்தாரு.

வீட்டுக்கு வந்து ஒரு மணித்தியாலம் பேசினேன். ஆறாயிரத்தை எப்படி மூவாயிரமாக்கினேன், அழகன் எப்படிக் கண் கலங்கினாரு, எல்லாத்தையும் சொன்னேன். அவரு கண் கலங்கல. அது நான் சேத்தது. பெற்றீசியா கன்னத்துல கை வச்சு கேட்டுக்கிட்டு இருந்தா. அப்புறம்தான் பையைப் பிரிச்சேன்.

ரெண்டும் இடது.

பையை மறுபடி மூடினேன். ஒரு மணித்தியாலம் பேசின வாயால இதை எப்படிச் சொல்றது? பழசைப் போட்டுக்கலாம்னு பாத்தா அதை அவ குப்பைக் குழியில வீசிட்டா. பூட்ஸையும் கழுவி அடுப்புக்கு மேல தொங்கவிட்டிருந்தா. எங்க பக்கம் ஜூலையில கழுவின பூட்ஸ் செப்டம்பர்லதான் காயும்.

ஞாயித்துக்கெழமை ரெண்டு இடதையும் போட்டுக்கிட்டு கோயிலுக்குப் போனேன். இடது சப்பாத்து மூக்கை வலது பக்கம் திருப்பி வச்சிருக்கும். ரெண்டும் இடதுன்னா ரெண்டு மூக்கும் வலது பக்கம். நான் நேராத்தான் நடக்கிறேன், சப்பாத்து நடக்கல. நற்கருணை வாங்க ஆம்பளைங்க வரிசையில பொறப்பட்டவன், போயிச் சேரும்போது பொம்பளைங்க வரிசையில ஷிராணி டீச்சருக்கும் அவங்க மாமியாருக்கும் நடுவுல நிக்கிறேன். சாமியார் நற்கருணையைக் குடுத்துட்டு மெதுவா சொன்னாரு, "சனிக்கெழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வாங்க."

திங்கக்கெழமை காலையில பெரட்டு. நான் தேயிலைத் தோட்டத்துல கணக்கப்பிள்ளை. ஆளை நிறுத்தி எண்ணி வேலைக்கு அனுப்பறவன். அத்தனை பேரும் என் காலைத்தான் எண்ணினாங்க. பக்கத்து வீட்டு றிச்சர்ட் குனிஞ்சே பாத்துட்டான்.

"என்னண்ணே, ரெண்டு காலும் கோவிச்சுக்கிட்டு ஒரே பக்கம் பாக்குது?"

"புது பேஷன்டா. கொழும்புல இப்ப இதுதான்."

"நெசமாவா?"

"போன்ல பாரு."

அவன் போன்ல பாக்கல. அங்கதான் தப்பு நடந்துச்சு. செவ்வாக்கெழமை தன் பூட்ஸைக் கால் மாத்திப் போட்டுக்கிட்டு வந்து நின்னான். கூட மூணு பேரு. புதங்கெழமை பதினோரு பேரு. மலையில ஏறச் சொன்னா பதினோரு பேரும் நண்டு மாதிரி பக்கவாட்டுல ஏறுறாங்க.

எனக்கு மேலதிகாரி கண்டாக்கு ஐயா பைக்கை நிறுத்தி மீசையைத் தடவினாரு. தேயிலை மலையில இருவது வருஷம் போராட்டம் பாத்தவரு. கறுப்புப் பட்டி கட்டினதைப் பாத்திருக்காரு, கொழுந்துப் பையைக் கவுத்துக் கொட்டினதைப் பாத்திருக்காரு. இதைப் பாக்கல.

"அலோசியஸ், இது எந்தச் சங்கம்?"

"சங்கம் இல்லீங்கய்யா. சப்பாத்து."

"மறைக்காத. கோரிக்கை என்ன?"

எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான் இருந்துச்சு. ஒரு வலது.

"நாளைக்குக் காலையில எல்லாக் காலும் நேரா இருக்கணும். இல்லாட்டி தோட்டத்துத் தொரைக்கு எழுதிடுவேன். மொதல்ல ஒன் பேரு."

அன்னைக்குச் சாயந்தரம் நான் வாசல்ல உக்காந்து என் ரெண்டு இடதையும் பாத்துக்கிட்டு இருந்தேன். பெற்றீசியா தேத்தண்ணி கொண்டாந்து வச்சா. பக்கத்துல ஒரு பையையும் வச்சா.

"தெறந்து பாருங்க."

கறுப்புச் சப்பாத்து. எட்டாம் நம்பர். ரெண்டும் வலது.

ரெண்டையும் பொரட்டிப் பொரட்டிப் பாத்தேன்.

"எனக்கு ஒண்ணு போதும்," அப்படின்னேன்.

"எனக்கும் ஒங்ககிட்ட இருந்து ஒண்ணு போதும்."

"மிச்சம் ஒரு சோடி வருமே. அது யாருக்கு?"

"ஒங்களுக்குத் தெரிஞ்ச பையன்தான்."

"முடியாது."

"சரிங்க," அப்படின்னு பையைக் கட்டினா. எனக்குக் கண்டாக்கு ஐயாவோட மீசை ஞாபகம் வந்துச்சு.

"இரு, இரு."

ஒரு இடதைக் குடுத்தேன், ஒரு வலதை வாங்கினேன். போட்டுப் பாத்தேன். நாலு நாளைக்கப்புறம் என் காலு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முகம் பாத்துச்சு.

"இதை எங்க புடிச்ச?"

"அழகன்கிட்டத்தான். சனிக்கெழமை காலையில போனேன்ல? சோடி ஆயிரத்தி ஐநூறுக்குப் பேசி முடிச்சேன். ரெண்டு சோடி. வலது ரெண்டையும் நான் எடுத்துக்கிட்டேன். இடது ரெண்டையும் பையில போட்டு வைங்க, சாயந்தரம் எங்க வீட்டுக்காரர் வருவாரு, ஆறாயிரம்னு சொல்லுங்க, பாதிக்குத்தான் கேப்பாரு, குடுத்துடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

"காசு குடுக்காம வலதை ஒன்னை நம்பிக் குடுத்தாரா?"

"ரெண்டு வலதை வச்சுக்கிட்டு நான் எங்கங்க ஓடுறது?"

"நான் ரெண்டு காலையும் போட்டுப் பாத்திருந்தா?"

"ஒங்க சொக்ஸைத் தொவைக்கிறது யாரு?"

மூவாயிரத்துக்கு ரெண்டு சோடி. அவ பேசி முடிச்ச வெலையத்தான் நான் அன்னைக்கு அத்தனை கஷ்டப்பட்டுப் பேசி முடிச்சிருக்கேன்.

வட்டகொடைக் கல்யாணத்துல படம் புடிக்கும்போது ஜெரோமி என் பக்கத்துல வந்து நின்னான். அவன் கால்லயும் மினுக்கு. தோள்ல கை போட்டு காதுல சொன்னான்:

"அக்கா சொன்னிச்சு அத்தான், நீங்கதான் வாங்குனீங்களாமே. அடுத்த தடவை பிரவுண் பாருங்க, கறுப்பு எனக்கு எடுப்பா இல்ல."