கை தூக்கினால் வெற்றி

பச்சை இணையதளத்தையும் சிவப்பு இணையதளத்தையும் எத்தனை தடவை ஓடவிட்டாலும் சமமாகவே வந்தன. கட்டுரையாளர் கடிகாரத்தை நம்பாமல் வாய்க்குள் எண்ணி நேரம் பார்த்ததுதான் காரணம். அவருடைய வாய் யார் மனசையும் நோகடிக்காது.

யார் யாருக்கு பிட்காயின் அனுப்பினாலும் அது பொதுவில் பதிவாகும். அந்தப் பதிவைத் தேடிக் காட்டும் இணையதளத்துக்கு பிளாக் எக்ஸ்ப்ளோரர் என்று பெயர். பச்சை, சிவப்பு, நீலம் என்று முகப்பு நிறம் கொண்ட மூன்றில் எது வேகம்? சாயங்காலத்துக்குள் எழுதித் தர வேண்டும். போன மாதம், விற்பனைக்கே வராத ஒரு போனை அவர் புகழ்ந்து தள்ளியிருந்தார். இன்னொரு தடவை சறுக்கினால் தொழில்நுட்பப் பக்கம் கையை விட்டுப் போய்விடும், குறுக்கெழுத்துக்குக் கட்டம் போடும் வேலைதான் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லிவிட்டார்.

நீலத்தை அவர் இன்னும் தொடவில்லை. அதற்குள் மாமனார் எட்டிப் பார்த்தார். மாமனார் ஓட்டப்பந்தய நடுவராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"ஒவ்வொருத்தனா ஓடினா அதுக்குப் பேரு பந்தயமா மாப்பிள்ளை? மூணையும் ஒண்ணா விடணும்."

மூன்று கணினிகள் வந்தன. பச்சைக்குக் கட்டுரையாளர், சிவப்புக்கு அவர் மனைவி, நீலத்துக்கு மாமியார். மனைவி வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது உள்வட்டப் பாதையில் ஓடுவதற்குச் சமம் என்று நடுவர் ஆட்சேபித்தார். பெட்டியைக் கூடத்தின் நடுவே ஒரு முக்காலியில் ஏற்றினார்கள். வயர் எட்டாமல் பிடுங்கிக்கொண்டு வர, இணையம் மூர்ச்சையானது. அதைத் தெளியவைத்த பிறகு, அளக்கும் நாடாவால் எல்லோருக்கும் ஒரே தூரம் அளந்தார். அதன்படி கட்டுரையாளருக்குப் படுக்கையறையும் மனைவிக்கு அடுப்பங்கரையும் மாமியாருக்குக் குளியலறை வாசலும் கிடைத்தன.

நடுவர் முக்காலிக்குப் பக்கத்தில் நின்று விதி சொன்னார். மூவரும் ஒரே பிட்காயின் பரிமாற்றத்தின் எண்ணைத் தேடும் இடத்தில் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். விசில் ஊதியதும் தட்ட வேண்டும். பக்கம் வந்ததும் கையைத் தூக்க வேண்டும். மைதானத்தில் பேச்சு கூடாது.

மனைவி இரண்டு தடவை விசிலுக்கு முன்பே தட்டி எச்சரிக்கை வாங்கினாள். அந்த வீட்டில் அவளை எச்சரித்த முதல் மனிதர் என்ற பெருமை மாமனாருக்குக் கிடைத்தது. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன சத்தம் என்று கேட்டார். வந்தவரை விடாமல் பார்வையாளர் வரிசையில் உட்காரவைத்தார்கள்.

மூன்றாவது விசிலுக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தது. விசில் சத்தம் அடங்குவதற்குள் மாமியார் கை மேலே. அடுத்த ஓட்டத்திலும் அவர்தான். அதற்கடுத்த ஓட்டத்திலும் அவரேதான். பச்சையும் சிவப்பும் அதன்பின் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தன. ஒவ்வொரு தடவையும் மாமியார் வாயைத் திறந்தார். ஒவ்வொரு தடவையும் விசில் அதை மூடியது.

"ஜெயிச்ச மிதப்புல பேசக் கூடாது. அடுத்த ஓட்டம்!"

கடைசியில் நடுவர் தன் அலமாரியிலிருந்து பழைய பதக்கம் ஒன்றை எடுத்து மாமியாரின் கழுத்தில் போட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அந்தக் கழுத்துக்குப் போட்ட முதல் நகை அதுதான். கீழ்வீட்டுக்காரர் கை தட்டினார்.

கட்டுரையாளர் உட்கார்ந்த வேகத்தில் எழுதி முடித்தார். நீலத் தளத்தின் பக்கத்தில் நின்றால் மின்னலுக்கே கொட்டாவி வரும் என்ற வரியை இரண்டு தடவை படித்து ரசித்துவிட்டு அனுப்பினார். பக்கம் அச்சுக்குப் போன பிறகு ஆசிரியர் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நீலத் தளம் காலையிலேர்ந்து மராமத்துல இருக்கு. முகப்பு மட்டும்தான் தெரியுது. தேடினா எதுவும் வராது. உங்களுக்கு மட்டும் எப்படி வந்துச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க. நான் கட்டம் போட்ட தாளை எடுத்து வைக்கிறேன்."

கட்டுரையாளர் ஓடினார். மாமியார் பதக்கத்தைக் கழற்றாமலே துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, உங்களுக்கு நிஜமாவே பக்கம் வந்துச்சா?"

மாமியார் போர்வையின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தார்.

"எங்க வந்துச்சு? தட்டினா 'மூடியிருக்கு'ன்னுதான் வந்துச்சு மாப்பிள்ளை. அதைச் சொல்லத்தானே ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்குனேன்."